எல்லாச் சாவியும் ஒரே கொத்தில்

1992 ஜூலையில் சிங்கப்பூரில், பேரிங்ஸ் என்ற பழம்பெரும் பிரிட்டிஷ் வங்கியின் கிளை நிறுவனத்தில் 88888 என்ற எண்ணில் ஒரு கணக்கு தொடங்கப்பட்டது. சீனர்களுக்கு எட்டு ராசியான எண். வர்த்தகத் தளத்தின் கூச்சலில் தவறாகப் பதிவாகும் சில்லறைப் பிழைகளை ஒதுக்கிவைக்க என்று சொல்லித் தொடங்கிய கணக்கு. தொடங்கியவர் நிக் லீசன். சைமெக்ஸ் சந்தையில் வங்கிக்காக வாங்கி விற்றவர்களுக்கு அவர்தான் தலைவர். அந்த வரவு செலவைச் சரிபார்த்துக் கணக்கு முடிக்கும் பின்னறைக்கும் அவர்தான் தலைவர். இரண்டு நாற்காலியிலும் ஒரே ஆள் உட்கார்ந்திருப்பது நல்லதல்ல என்று 1994-இல் வங்கியின் உள்தணிக்கை எழுதிவைத்தது. எழுதியது எழுதியபடியே கிடந்தது. 1995 பிப்ரவரியில் 88888-க்குள் பதுங்கியிருந்த நட்டம் வெளியே வந்தபோது அதன் அளவு 82 கோடியே 70 லட்சம் பவுண்டு. 1762-இல் பிறந்த வங்கி, ஐஎன்ஜி என்ற டச்சு நிறுவனத்துக்கு ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது.

அந்தக் கணக்கு தொடங்கிய மூன்றாம் மாதம், 1992 அக்டோபரில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் தேசியக் கணினிப் பாதுகாப்பு மாநாடு கூடியது. அதில் டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்ட் குன் என்ற இருவர் ஒரு கட்டுரை படித்தார்கள். இருவரும் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டில் வேலை பார்த்தவர்கள். ஒரு கணினியில் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்ற அனுமதியை ஆளுக்குக் கொடுக்காதீர்கள், அவர் பார்க்கும் பொறுப்புக்குக் கொடுங்கள் என்பது கட்டுரையின் சாரம். மருத்துவமனையில் டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர். வங்கியில் காசாளர், கடன் அதிகாரி, கணக்கர். ஆள் வருவார், போவார், பொறுப்பு இருக்கும். ஒருவர் கையில் சேரவே கூடாத பொறுப்புகள் எவை என்பதையும் முன்கூட்டியே எழுதிவைத்துவிடலாம்.

கணக்குப்பிள்ளைகளுக்கு இது பழங்கதை. பணம் வாங்குபவர் ஒருவர், பேரேட்டில் எழுதுபவர் இன்னொருவர் என்பது கணினிக்கு வெகுகாலம் முந்திய ஏற்பாடு. அப்படியிருக்க, மனித மூளையைவிட வேகமாகக் கணக்குப் போட்ட இயந்திரங்கள் இந்த எளிய அறிவுக்கு வந்துசேர முப்பது ஆண்டு பிடித்தது ஏன்? அதைவிட வினோதம், திருடனைப் பிடிக்கவென்றே கட்டிய கண்காணிப்பு அறைகளுக்குள் அது கடைசியாக நுழைந்தது.

தொடக்கத்தில் கணினிக்குப் பூட்டே தேவைப்படவில்லை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதைப் பயன்படுத்தினார். அறைக்குப் பூட்டுப் போட்டால் கணினிக்கும் போட்டதாகிவிடும். 1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு சிடிஎஸ்எஸ் என்ற நேரப்பகிர்வு முறையை இயக்கிக் காட்டியது. ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தலாம், ஒவ்வொருவரும் தமக்கென்று கோப்புகள் வைத்துக்கொள்ளலாம் என்றானதும் அவரவர் கோப்பை அவரவருக்கு மட்டும் காட்டவேண்டி வந்தது. அதற்குக் கடவுச்சொல் வைத்தார்கள்.

வைத்த கையோடு திருட்டும் போனது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்தில் நான்கு மணி நேரம்தான் கணினி ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. 1962-இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கடவுச்சொற்கள் இருந்த கோப்பின் பெயரைத் துளையட்டையில் குத்தி, இதை அச்சிட்டுத் தரவும் என்று மற்ற வேலைகளோடு சேர்த்துப் போட்டுவிட்டுப் போனார். சனிக்கிழமை காலையில் வந்து பார்த்தால் அச்சுத்தாள் தயாராக இருந்தது. கேட்டவர் யார், கேட்க உரிமை உண்டா என்று அந்த இயந்திரத்துக்கு விசாரிக்கத் தெரியாது. பட்டியலை ஷெர் வேறு சிலருக்கும் கொடுத்தார். இணையத்தின் முன்னோடிகளில் ஒருவராகப் பின்னால் போற்றப்பட்ட லிக்லைடர், அதை வைத்து ஆய்வகத் தலைவரின் கணக்கில் புகுந்து கேலிச் செய்திகள் எழுதிவைத்துவிட்டுப் போனாராம். ஷெர் இதை வெளியே சொன்னது கால் நூற்றாண்டு கழித்து.

அதே சிடிஎஸ்எஸ்ஸில் 1960-களின் நடுவில் இன்னொரு கூத்து நடந்தது. உள்ளே நுழைபவர்களுக்கு அன்றைய அறிவிப்பைக் காட்டும் கோப்பை ஒரு நிர்வாகி திருத்திக்கொண்டிருந்தார். கடவுச்சொல் கோப்பை இன்னொரு நிர்வாகி திருத்திக்கொண்டிருந்தார். ஒரு பெயரில் ஒருவர்தான் வேலை செய்வார் என்று நம்பி எழுதிய திருத்தி மென்பொருள், தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை வைத்தது. நிர்வாகிகள் மட்டும் வசதிக்காக ஒரே கணக்கைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு கோப்பும் இடம் மாறிவிட்டன. அன்றைக்கு உள்ளே நுழைந்த ஒவ்வொருவரையும் எல்லாருடைய கடவுச்சொல்லும் வரவேற்றது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நடந்த இந்தக் கூத்தால் பல நூறு கடவுச்சொற்களை மாற்றவேண்டி வந்தது என்று கார்பட்டோவே தம் டூரிங் விருதுச் சொற்பொழிவில் நினைவுகூர்ந்தார். ஊருக்கெல்லாம் தனித்தனிப் பெயர், நிர்வாகிகளுக்கு மட்டும் பொதுப்பெயர் என்ற பழக்கம் இன்றும் எத்தனையோ அலுவலகங்களில் அப்படியே இருக்கிறது.

அடுத்து வந்த மல்டிக்ஸ் இதைச் சரிசெய்யப் புறப்பட்டது. எம்ஐடி, பெல் ஆய்வகம், ஜெனரல் எலெக்ட்ரிக் மூன்றும் கூட்டுச் சேர்ந்து 1965-இல் அதன் திட்டத்தை வெளியிட்டன. ஒவ்வொரு கோப்புக்கும் யார் யாருக்கு எந்த அளவு உரிமை என்ற பட்டியல் உண்டு. உள்ளே நுழைபவரின் அடையாளத்தில் ஆளின் பெயரோடு அவர் எந்தத் திட்டத்துக்காக வந்திருக்கிறார் என்பதும் சேர்ந்திருக்கும். ஒரே ஆள், வேறு வேலைக்காக வந்தால் வேறு உரிமை. பால்டிமோரில் பேசப்பட்டதன் முளை இங்கேயே இருந்தது. ஆனால் மல்டிக்ஸ் கனமான அமைப்பு. பெல் ஆய்வகம் 1969-இல் பொறுமை இழந்து விலகியது. அங்கிருந்த கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் தங்களுக்கென்று சின்னதாக ஒன்றைச் செய்துகொண்டார்கள். அது யூனிக்ஸ்.

யூனிக்ஸின் அனுமதி முறை ஒரு விரலளவு. கோப்பின் சொந்தக்காரர், அவருடைய குழு, மற்றவர்கள். ஒவ்வொருவருக்கும் படிக்க, எழுத, இயக்க. மொத்தம் ஒன்பது பிட். அதற்கெல்லாம் மேலே ‘ரூட்’. எந்தக் கோப்பின் அனுமதியும் ரூட்டைத் தடுக்காது. எதையும் படிக்கலாம், யாருடைய கோப்பையும் அழிக்கலாம், தான் அழித்த தடயத்தையும் அழிக்கலாம். இடையில் ஒரு படிகூடக் கிடையாது: ஒன்று நீங்கள் சாதாரண ஆள், இல்லையென்றால் சர்வ வல்லமை படைத்தவர். கடவுச்சொல்லை மாற்றுவதுபோன்ற சின்ன வேலைக்குக்கூட ரூட்டின் பலம் வேண்டும் என்பதால், ஒரு நிரலை இயக்கும்போது மட்டும் அதன் சொந்தக்காரரின் பலத்தை இரவல் தரும் வழியை ரிச்சி கண்டுபிடித்தார். அதற்கு 1979-இல் காப்புரிமையும் கிடைத்தது. சாமர்த்தியமான யோசனைதான். அந்த இரவல் பலம் எங்கெல்லாம் கொண்டுபோய்விட்டது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் வருவோம்.

இந்த நேரத்தில் பாதுகாப்பு ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க ராணுவம். எனவே கேள்விகளும் ராணுவத்தின் கேள்விகளாகவே இருந்தன. வில்லிஸ் வேர் தலைமையிலான குழுவின் அறிக்கை 1970-இல், விமானப்படைக்காக ஜேம்ஸ் ஆண்டர்சன் எழுதியது 1972-இல், பெல், லாபடுலா இருவரின் கணித மாதிரி 1973-இல். எல்லாவற்றின் கவலையும் ஒன்றே: அதிரகசியம் என்று முத்திரை குத்திய தாள் கீழ்ப்படிக்கு இறங்கிவிடக் கூடாது. மேலே இருப்பதைக் கீழே உள்ளவர் படிக்கக் கூடாது. மேலே உள்ளவர் கீழே எழுதக் கூடாது. ஆரஞ்சு நிற அட்டையால் ‘ஆரஞ்சு புத்தகம்’ என்றே பெயர் பெற்ற 1983-ஆம் ஆண்டுத் தர விதிகள் இதைச் சட்டமாக்கின. அதன்படி அனுமதி இரண்டே வகை. சொந்தக்காரர் விருப்பப்படி கொடுப்பது ஒன்று, முத்திரைப்படி மேலிடம் விதிப்பது மற்றொன்று.

வங்கியில் காசாளர் பேரேட்டைப் படித்தால் நாடு கவிழாது. அவர் அதைத் தப்பாக எழுதிவிட்டு, தானே சரிபார்த்ததாகக் கையெழுத்தும் போட்டால்தான் வங்கி கவிழும். இந்த வேறுபாட்டைப் போட்டு உடைத்தவர்கள் எம்ஐடியின் டேவிட் கிளார்க்கும், தணிக்கை நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த டேவிட் வில்சனும். 1987-இல் அவர்கள் எழுதிய கட்டுரை ராணுவப் பாதுகாப்பையும் வணிகப் பாதுகாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது. ஒரு பொருளை வாங்கவேண்டும் என்றால் ஆர்டருக்கு ஒப்புதல் தருபவர் ஒருவர், சரக்கு வந்ததைப் பதிபவர் ஒருவர், பில் வந்ததைப் பதிபவர் ஒருவர், பணம் தர ஒப்புபவர் ஒருவர் என்று இருக்கட்டும். நால்வரும் கூட்டுச் சேர்ந்தாலொழியத் திருட முடியாது. நம் ஊர் வங்கிக் கிளைகளில் பெட்டகத்தை மேலாளரோ அதிகாரியோ ஒரு சாவியும் காசாளர் ஒரு சாவியுமாகச் சேர்ந்து திறக்கும் அதே ஏற்பாடு. கிளார்க்கும் வில்சனும் புதிதாக எதையும் கற்பனை செய்யவில்லை; தணிக்கையாளர்களின் வழக்கத்தைக் கணினிக்காரர்களின் மொழியில் எழுதினார்கள். சரியான ஆட்கள் சேர்ந்து எழுதியதால் அது எடுபட்டது.

நியாயத்துக்கு ஒன்று சொல்லவேண்டும்: ராணுவத்துக்குள்ளும் எல்லாரும் முத்திரையோடு நின்றுவிடவில்லை. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் கார்ல் லாண்ட்வேரும் சகாக்களும் 1984-இல் ராணுவச் செய்தி அமைப்புக்கென்று எழுதிய மாதிரியில், செய்தியை வெளியே விடுபவர், ரகசிய முத்திரையைக் குறைப்பவர் என்று பொறுப்புகளுக்குப் பெயர் சூட்டியிருந்தார்கள். பட்டாளத்திலும் அன்றாட வேலை நடப்பது அப்படித்தானே.

ஆக, 1992-இல் ஃபெராயோலோவும் குன்னும் நின்ற நிலம் ஏற்கெனவே உழுதுகிடந்தது. நிஸ்ட் அதற்கு முன் 28 அமைப்புகளிடம் பேசி, நிறுவனங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்டிருந்தது. ஆரஞ்சு புத்தகத்தின் இரண்டு வகையிலும் அவர்கள் தேவை அடங்கவில்லை. மருத்துவமனையில் நோயாளியின் கோப்புக்கு நர்ஸ் சொந்தக்காரர் அல்லர். அதனால் அதை இன்னொருவருக்குத் தானம் செய்யும் உரிமையும் அவருக்கு இருக்கக் கூடாது. அவர் அந்த வார்டில் நர்ஸாக இருக்கும்வரை பார்க்கலாம், அவ்வளவே. ஓரக்கிள் நிறுவனம் தன் ஏழாம் பதிப்புத் தரவுத்தளத்தில் பொறுப்பு என்பதை ‘ரோல்’ என்ற பெயரில் சேர்த்ததும் அதே 1992-இல்தான். 1996-இல் ரவி சந்துவும் மூன்று சகாக்களும் இதற்கு ஒழுங்கான கணித வடிவம் கொடுத்தார்கள்: அடிப்படை, அதன்மேல் பொறுப்புகளின் ஏணி, இன்னொரு பக்கம் கட்டுப்பாடுகள், கடைசியில் எல்லாம் சேர்ந்தது. 2004-இல் அது அமெரிக்கத் தேசியத் தரமானது.

காகிதத்தில் அழகு, அலுவலகத்தில் அது எப்படி ஆனது? ஜெர்மனியின் ட்ரெஸ்ட்னர் வங்கி இதற்கு நல்ல சாட்சி. 2001-இல் வெளியான ஓர் ஆய்வு அந்த வங்கியின் அமைப்பைத் திறந்து காட்டியது. பதவிப் படிகள் 65, வேலை வகைகள் 368. இரண்டையும் பெருக்கினால் 23,920 பொறுப்புகள் வரலாம். உண்மையில் புழங்கியது 1,300 அளவுக்கு. பல பத்தாயிரம் ஊழியர்களுக்கு ஆயிரத்துச் சொச்சம் பொறுப்பு என்பது லாபம்தான். ஆனால் எல்லா நிறுவனமும் ஜெர்மன் வங்கிபோல் ஒழுங்காகப் பதவி வகுத்து வைத்திருப்பதில்லை. ‘மூர்த்தி கேட்டார், கொடுத்துவிடு’ என்று ஒருவருக்காக ஒரு ரோல், அவர் லீவில் போனால் பதிலாள் பார்க்க இன்னொரு ரோல் என்று பெருகி, சில இடங்களில் ஆட்களைவிட ரோல்கள் அதிகமாகிவிடும். துறை மாறிப் போனவரின் பழைய அனுமதி அவர் கூடவே போகும். பத்து ஆண்டு ஒரே நிறுவனத்தில் இருந்த குமாஸ்தாவின் கணக்கு, நேற்று வந்த பொது மேலாளருடையதைவிட வலுவாக இருப்பதைத் தணிக்கையாளர்கள் அடிக்கடி பார்த்திருக்கிறார்கள்.

இனி கண்காணிப்பு அறைக்குள் போகலாம். அதன் வம்சாவளியும் உள்ளே இருந்த ஆட்களிடமிருந்தே தொடங்குகிறது. 1972 அறிக்கையை எழுதிய அதே ஆண்டர்சன், 1980-இல் கணினியின் தணிக்கைப் பதிவுகளைப் படித்து அத்துமீறலைக் கண்டுபிடிப்பது எப்படி என்று எழுதினார். உள்ளே தவறு செய்பவர்களை மூன்றாகப் பிரித்தார். அடுத்தவர் பெயரில் நுழைபவர். தன் பெயரிலேயே நுழைந்து உரிமையைத் தவறாகப் பயன்படுத்துபவர். மூன்றாமவர் மறைந்து இயங்குபவர், அதாவது மேல்நிலை அதிகாரத்தைக் கைப்பற்றிப் பதிவுகளிலேயே அகப்படாமல் தப்புபவர். மூன்றாமவர்தான் மிகக் கடினம். பதிவேடு அவர் கையில் இருக்கும்போது பதிவேட்டைப் பார்த்து அவரைப் பிடிப்பது எப்படி?

இதற்குச் செயலில் விடை சொன்னவர் ஒரு வானியலாளர். 1986 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினி வாடகைக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. கிளிஃப் ஸ்டோலிடம் அதைப் பார்க்கச் சொன்னார்கள். நூல் பிடித்துப் போனால், யாரோ ஒருவர் ஈமேக்ஸ் திருத்தியோடு வந்த அஞ்சல் நகர்த்தும் துணைநிரல் ஒன்றின் ஓட்டையால் ரூட் ஆகியிருந்தார். அந்த நிரலுக்கு ரூட்டின் பலம் இரவலாகக் கொடுக்கப்பட்டிருந்தது. ரிச்சியின் சாமர்த்தியம் இங்கே எதிராளிக்கு உதவியது. ரூட் ஆனவரைக் கணினிக்குள் உட்கார்ந்து கண்காணிப்பது வீண் என்று ஸ்டோலுக்குப் புரிந்தது. ஒரு வார இறுதியில் சகாக்களின் மேசைகளிலிருந்து அச்சுப்பொறிகளையும் முனையங்களையும் தள்ளிக்கொண்டு வந்து, வெளியிலிருந்து வரும் தொலைபேசி இணைப்புகளில் மாட்டினார். வந்தவர் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் காகிதத்தில் விழுந்தது. கணினிக்குள் எத்தனை தேடினாலும் அந்த அச்சுப்பொறிகள் அவர் கண்ணில் படா. துப்பறிந்த குறிப்புகளை ஸ்டோல் கையால் நோட்டில் எழுதினார். தடம் மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரில் போய் முடிந்தது; திருடிய தகவல்கள் சோவியத் உளவுத்துறைக்கு விற்கப்பட்டதும் தெரியவந்தது.

கண்காணிப்பவரின் ஏடு, கண்காணிக்கப்படுபவரின் கைக்கு எட்டக் கூடாது என்ற பாடத்தை ஸ்டோல் காகிதத்தால் சாதித்தார். பின்னால் வந்தவர்கள் மென்பொருளால் சாதிக்க முயன்றார்கள். 1988 நவம்பரில் மோரிஸ் புழு என்ற தீநிரல் இணையத்தை முடக்கிய சில வாரங்களிலேயே கார்னெகி மெலன் பல்கலையில் அவசர உதவி மையம் ஒன்று பிறந்தது. பத்தாண்டு கழித்துப் பெரிய நிறுவனங்கள் தமக்கென்று கண்காணிப்பு மையம் வைக்கத் தொடங்கின; துறையில் அதை ‘சாக்’ என்பார்கள். ஆர்க்சைட் 2000-இல், ஸ்ப்ளங்க் 2003-இல் தொடங்கின. சிதறிக் கிடக்கும் லாக் பதிவுகளையெல்லாம் ஒரே இடத்தில் குவித்துத் தேடும் இந்த வகை மென்பொருளுக்கு 2005-இல் கார்ட்னர் ஆய்வு நிறுவனம் ‘சீம்’ என்று பெயர் வைத்தது.

குவித்ததும் புதுச் சிக்கல் வந்தது. அஞ்சல் சர்வர், சம்பள சர்வர், கதவு அட்டை, யார் எந்த வலைத்தளம் பார்த்தார் என்பது எல்லாம் ஒரே தேடல் பெட்டிக்குள். இரவு ஷிப்டில் முதல் படியில் உட்கார்ந்து அலர்ட் பார்க்கும் இளைஞர், நிர்வாக இயக்குநரின் அஞ்சல் தடத்தையும் பார்க்கலாம். நிறுவனத்தில் வேறு எவருக்கும் இல்லாத பார்வை அவருக்கு. சென்னை, பெங்களூருவில் பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே கூரைக்குக் கீழ் காவல் பார்க்கும் நிறுவனங்களில் சிக்கல் இரட்டிப்பு: ஒரு வங்கியின் லாக் இன்னொரு வங்கியைப் பார்ப்பவர் கண்ணில் படக் கூடாது.

ஸ்ப்ளங்க்கில் ஒரு சின்ன ஏற்பாடு உண்டு; மற்ற எல்லா அம்சங்களையும்விட அதில்தான் வரலாறு செறிந்திருக்கிறது. அதில் சாதாரணப் பயனர், கூடுதல் உரிமை கொண்டவர், அட்மின் என்று ரோல்கள் இருக்கின்றன. ஆனால் தேடலில் கிடைத்த பதிவை நீக்கும் உரிமை, மென்பொருள் நிறுவியபடி இருக்கும்போது அட்மினுக்குக்கூட இல்லை. அதற்கென்று ‘கேன் டிலீட்’ என்று தனி ரோல். வேண்டுமென்று யாராவது எடுத்து ஒருவருக்கு மாட்டிவிட்டால்தான் வேலை செய்யும். மாட்டினாலும் அந்தக் கட்டளை பதிவைத் தேடலிலிருந்து மறைக்கிறதே தவிர வட்டிலிருந்து துடைப்பதில்லை. ஆண்டர்சன் சொன்ன மூன்றாம் வகை ஆளை மனத்தில் வைத்துச் செய்ததுபோல் இருக்கிறது. 2019-இல் வந்த மைக்ரோசாஃப்ட்டின் சென்டினல் இன்னும் பிரித்தது: பார்க்க மட்டும் ஒரு ரோல், சம்பவங்களை எடுத்துக் கையாள ஒன்று, விதிகளை எழுத ஒன்று, தானியங்கி நடவடிக்கையை இயக்க மட்டும் இன்னொன்று.

இந்தியாவில் இந்த அறைகள் பெருகியதற்கு ஒரு தேதி உண்டு. 2016 ஜூன் 2 அன்று ரிசர்வ் வங்கி, வணிக வங்கிகள் இணையப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் வைக்கவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. வங்கதேச மத்திய வங்கியிலிருந்து, வங்கிகளுக்கிடையே போகும் ஸ்விஃப்ட் செய்திகள் வழியாக 8 கோடியே 10 லட்சம் டாலர் பறிபோய் நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் 2018 பிப்ரவரி மோசமான மாதமாக அமைந்தது. கும்பகோணத்தில் 1904-இல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி, 7-ஆம் தேதி காலையில் கணக்கு ஒத்துப்பார்த்தபோது தான் அனுப்பாத மூன்று ஸ்விஃப்ட் பட்டுவாடாக்களைக் கண்டது. மொத்தம் இருபது லட்சம் டாலருக்குக் கொஞ்சம் குறைவு. வந்தவர்கள் வெளியாட்கள். ஒப்புகைச் செய்திகளை அச்சிடும் பிரின்டரை முதல் நாள் இரவே முடக்கியிருந்தார்கள்; ஸ்டோலின் காகிதச் சாட்சி எவ்வளவு வலுவானது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு வாரம் கழித்து பஞ்சாப் நேஷனல் வங்கி, மும்பை பிராடி ஹவுஸ் கிளையில் சுமார் 11,400 கோடி ரூபாய் மோசடியை அறிவித்தது. அங்கே வெளியார் உடைத்த பூட்டு ஒன்றும் இல்லை. ஸ்விஃப்ட்டில் போன உத்தரவாதக் கடிதங்கள் வங்கியின் மையக் கணக்கில் பதிவாகவே இல்லை. இரண்டும் இணைக்கப்படாமல் தனித்தனியே ஓடின. பதிபவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர் என்ற மேக்கர்–செக்கர் விதி எழுத்தில் இருந்தது. நடப்பில் அது என்ன ஆனது என்பதுதான் வழக்கு.

பிரித்துக் கொடுப்பதற்கும் விலை உண்டு. 2013 நவம்பர் 30 அன்று, டார்கெட் என்ற அமெரிக்கக் கடைத்தொடரின் கணினிகளில் தீநிரல் புகுந்ததை அதன் கருவிகள் கண்டுபிடித்தன. பெங்களூருவிலிருந்து கண்காணித்த குழு அலர்ட்டைப் பார்த்து மின்னியாபொலிஸ் தலைமையகத்துக்குத் தெரிவித்தது என்றும், அங்கே அதன்மேல் நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்றும் அமெரிக்க இதழ் ஒன்றின் புலனாய்வு எழுதியது. பார்த்தவர்கள் ஓர் ஊரில், செய்ய வேண்டியவர்கள் வேறோர் ஊரில். நான்கு கோடி கார்டு விவரங்கள் போயின. பொறுப்பைப் பிரிப்பவர்கள், பிரித்த துண்டுகளுக்கு நடுவே செய்தி கைமாறும் வழியையும் வகுக்காவிட்டால் இப்படித்தான் ஆகும். ரோல் பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தை யோசிப்பதில்லை.

அதே ஆண்டுதான் எட்வர்ட் ஸ்னோடென் வெளிவந்தார். ஹவாயில் ஒப்பந்த ஊழியராக அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவுக்கு வேலை செய்த அவர், அதற்கு முன் கணினி நிர்வாகியாக இருந்தவர். படிப்படியான ரகசிய முத்திரைகளை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த அரசமைப்பு, தன் நிர்வாகிகளின் கணக்குகளில் எல்லாச் சாவியையும் கோத்து வைத்திருந்தது. பிறகு அதன் தலைவர் கீத் அலெக்ஸாண்டர், நிர்வாகிகளுக்கு இருவர் சேர்ந்து செய்யும் விதி கொண்டுவருவதாகவும், சுமார் ஆயிரம் நிர்வாகிகளில் 90 சதவீதத்தைக் குறைத்து வேலையை இயந்திரத்துக்கு மாற்றப்போவதாகவும் சொன்னார்.

இயந்திரத்துக்கு மாற்றினால் இயந்திரத்துக்கும் ரோல் கொடுக்கவேண்டும். கேபிடல் ஒன் வங்கியில் 2019-இல் நடந்தது அதுதான். வலைத்தாக்குதலைத் தடுக்க வைத்த ஃபயர்வாலுக்கு மேகக்கணினியில் ஒரு ரோல் இருந்தது; தேவைக்கு மேல் தாராளமாக, வங்கியின் கோப்புக் கிடங்குகளைப் பட்டியலிட்டுப் படிக்கும் அளவுக்கு. ஃபயர்வாலை ஏமாற்றி அந்த ரோலின் அடையாளத்தை வாங்கிக்கொண்டவரிடம் அமெரிக்காவில் பத்துக் கோடிப் பேர், கனடாவில் 60 லட்சம் பேரின் விவரங்கள் போயின. 2021 மார்ச்சில் வெர்கடா என்ற கண்காணிப்புக் கேமரா நிறுவனத்தின் ‘சூப்பர் அட்மின்’ கணக்கு வெளியார் கையில் சிக்கியபோது, மருத்துவமனைகளும் சிறைகளும் உட்பட வாடிக்கையாளர்களின் ஒன்றரை லட்சம் கேமராக்கள் அவர்கள் முன் திறந்துகிடந்தன. இன்றைய ‘சாக்’ மேடைகளில் சந்தேகமான கணினியைத் துண்டிப்பது, ஊழியரின் கணக்கை முடக்குவது எல்லாம் தானியங்கிக் கட்டளைத் தொகுப்புகள் செய்கின்றன. அவை ஓடும் சேவைக் கணக்குக்கு என்ன பலம் வைப்பது என்பதில்தான் இப்போது சண்டை நடக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் ரூட் சாகவில்லை. அனுமதி அமைப்பே பழுதாகி எல்லாரும் வெளியே மாட்டிக்கொண்டால் திறக்க ஒரு கணக்கு வேண்டுமே. தீயணைப்புப் பெட்டியின் கண்ணாடியை உடைப்பதை நினைவூட்டும் பெயரில், ‘பிரேக் கிளாஸ்’ கணக்கு என்பார்கள். குறைந்தது இரண்டு வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது மைக்ரோசாஃப்ட். அவற்றின் கடவுச்சொல்லை இரண்டு மூன்று துண்டாக்கித் தனித்தனித் தாளில் எழுதி, தீப்பிடிக்காத பெட்டகங்களில் வெவ்வேறு இடத்தில் வைக்கலாம் என்றும் பல ஆண்டுகளாக அறிவுரை சொல்லிவந்தது. அண்மையில் கடவுச்சொல் மட்டும் போதாது என்று விதி கடுமையானதால், தாளின் இடத்தைச் சிறு வன்பொருள் சாவிகள் பிடித்துவருகின்றன. அந்தக் கணக்கில் யார் நுழைந்தாலும் ‘சாக்’கில் உடனே அலர்ட் அடிக்கவேண்டும். தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை எடுத்துச் சோதிக்கவேண்டும். அதன் ரகசியம் தெரிந்த ஊழியர் ஒருவர் வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே மறுபடியும் சோதித்து மாற்றவேண்டும்.